படம் விட்டு வருகிறவர்களின் முகம்

மதியம் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு உன் தம்பியின் போன் வந்தது. நேரத்தை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருப்பது நான் இல்லை, இயந்திரம். பொம்மசந்திரா கம்பெனியில், பாட்டிலுக்கு மூடி போடும் லைன் நின்றுபோய், அதன் திரைக்கு முன்னால் நின்றிருந்தேன். சிவப்பு எழுத்தில் அலாரம், பக்கத்திலேயே கடிகாரம். "மாமா, அக்கா போயிட்டா மாமா" என்றான். அப்புறம் அழுகை. அப்புறம் லைன் கட். அந்தப் பேனல் ரூமில் சிக்னல் எப்போதும் அப்படித்தான். வெளியே ஓடிவந்து திருப்பிக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை.

நீ வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் தலை வலிக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்தாயாம். தண்ணீர் கேட்டாயாம். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது, மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள்.

எங்கள் இயந்திரங்களில் ஒரு ஏற்பாடு உண்டு, உனக்குச் சொல்லியிருக்கிறேன். அலாரம் வந்தால் ஆள் ஒருவர் வந்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதனால் பழுது சரியாகாது. மனிதன் ஒருவன் வந்து பார்த்துவிட்டான் என்று மட்டும் இயந்திரத்துக்குத் தெரியும். அதுவரை அந்தச் சிவப்பு மின்னிக்கொண்டே இருக்கும். அந்த மதியத்திலிருந்து நான் போனை அணைக்கவில்லை. குளிக்கும்போதுகூட பாத்ரூம் ஜன்னலில் வைத்தேன். காரணம் சொல்லக் கூசுகிறது, டிப்ளமா படித்தவன். லைன் பாதியில்தானே கட்டானது? மீதிப் பேச்சு பாக்கி இருக்கிறதே. அந்த மீதியில் ஏதாவது இருக்கலாம். உன் காலடியில் நின்றேன், எல்லாம் செய்தேன், ஆனாலும் முதல் செய்தியைத் திருத்தி இன்னொரு போன் வரும் என்று உள்ளே ஒருவன் காத்திருந்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை. நாற்காலியில் தொங்கும் புதுச் சட்டையிலிருந்து தியேட்டர் வாசனை வருகிறது. பாப்கார்ன் வெண்ணெய், ஏசி, பழைய சீட்டு ரெக்ஸின். உங்கள் வீட்டில் எடுத்துக் கொடுத்த சட்டை அது. நேற்று அதைப் போட்டுக்கொண்டு படத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் வழக்கம் ஒன்றுதான். காரியம் முடிந்ததும் சம்பந்தி வீட்டார் தலைக்கு எண்ணெய் வைப்பார்கள், புதுத்துணி போட்டுக் கறிச்சோறு போடுவார்கள், அப்புறம் துக்க வீட்டுக்காரர்களை சினிமாவுக்குக் கூட்டிப் போவார்கள். படம் பார்த்துவிட்டால் துக்கம் கழிந்தது, இனி சிரிக்கலாம், டிவி போடலாம், நல்லது கெட்டதுக்குப் போகலாம். எங்கள் வாணியம்பாடியில் என் சித்தப்பாவை அப்படிக் கூட்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அன்று வேடிக்கையாக இருந்தது.

உன் காரியத்தன்று எண்ணெய் வைத்தார்கள், சோறு போட்டார்கள். சினிமாவை மட்டும் நான் வேண்டாம் என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அப்புறம் என்பது நீண்டுகொண்டே போனது. ஜீவனஹள்ளியில் உங்கள் வீட்டில் உன் அப்பா டிவி மேல் துண்டு ஒன்றைப் போட்டு மூடியவர், எடுக்கவே இல்லை. மாமாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, டிவி இல்லாமல் சோறு இறங்காத மனிதர். மாப்பிள்ளை படம் பார்க்காமல் நான் எப்படிப் பார்ப்பது என்றாராம். நீ போனது அவருக்கும்தானே. என்னைத் துக்கத்திலிருந்து வெளியே கூட்டிப்போக வேண்டியவர்களும் அதே துக்கத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்தால்தான் அவர்கள் எழுந்திருக்க முடியும். எனக்கு எழுந்திருக்க மனமில்லை. ஒரு படம் பார்த்துவிட்டால் உன் கணக்கை மூடிவிடுவார்கள் என்று பயம்.

நேற்று மத்தியானம் உன் தம்பி வந்து கதவைத் தட்டினான். "மாமா, கிளம்புங்க. அப்பா நேத்து அந்தத் துண்ட மடிச்சு மறுபடி போட்டாரு. தூசியாம். என்னால அதுக்கு மேல பாக்க முடியல" என்றான். சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

எந்தப் படம் என்பதுதான் பிரச்சினை. உங்கள் வீட்டுக் கூடத்தில் மாநாடே நடந்தது.

"அழுவற படம் வேணாம்டா" என்றார் அத்தை.

"சரிம்மா."

"ரொம்ப சிரிக்கற படமும் வேணாம். பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"அப்ப பசங்களுக்கு ஸ்கூல்ல காட்டுவாங்களே, கொசு எப்படி முட்ட போடுதுன்னு, அதத்தான் பாக்கணும்."

"சாமி படம் எதுனா ஓடுதா பாருடா" என்றார் மாமா.

"இப்ப எவன்பா சாமி படம் எடுக்கறான்."

நம் தியேட்டரில் இரண்டு படம். கீழ் ஸ்கிரீனில் கன்னடச் சண்டைப் படம், மாடியில் தமிழ்ப் பேய்ப் படம். உன் தம்பி கூட்டாளி ஒருவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"மச்சா, அந்தக் கன்னடப் படம் பாத்தியா? அதுல யாராச்சும் சாவறாங்களா?"

"ஒரு நாப்பது பேரு சாவறான் குரு. செம ஃபைட்டு."

"அது இல்லடா. ஹீரோ பொண்டாட்டி."

"டேய், கதைய சொன்னா அப்புறம் நீ என்ன..."

"சாவறாளா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"இன்டர்வலுக்கு முன்னாடியே."

"சரி, வை."

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு அத்தை மெதுவாக, "அப்ப பேய்ப் படமாடா?" என்றார். இது மாதிரி நேரத்தில் உங்கள் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. சமையலறை வாசற்படி. நீ சாய்ந்து நிற்கும் இடம். நேற்று நாலு பேரும் ஒரே சமயத்தில் அங்கே பார்த்தோம்.

நான் சொன்னேன், "போயி பாத்து முடிவு பண்ணலாம் அத்த. வெளிய வர்றவங்கள பாத்துட்டு."

நமக்குக் கல்யாணமான புதிதில், முதல் சினிமாவுக்கு நான் போனில் ரேட்டிங் எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். பத்துக்கு எட்டு. நீ என் கையைத் தள்ளிவிட்டாய். "ரீ" என்றாய். கன்னடப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதுபோல, என்னை வெறுப்பேற்றத்தான் அப்படி ஆரம்பித்தாய், அப்புறம் அதுவே என் பெயராகிவிட்டது. "ரீ, சும்னே, சும்மா ஸ்டார் போடறாங்க. அந்த ஸ்டாரு போட்டவன் மூஞ்சிய நீங்க பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்புறம் எப்படி நம்பறீங்க?"

தியேட்டருக்கு எதிர்ச் சாரியில் மிளகாய் பஜ்ஜி வண்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினாய். மேட்னி விடும் நேரம். கதவு திறந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். நாள் முழுவதும் கண்ணாடிக் கடையில் முகங்களுக்கு ஃபிரேம் பொருத்திப் பார்க்கிறவள் நீ. ஒவ்வொரு முகமாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். "அவன் பாருங்க, வந்ததும் போன எடுக்கறான். அவன் உள்ளயே இல்ல. அந்தம்மா வண்டி எங்க நிறுத்தினோம்னு தேடுது, அதுவும் தேறாது. அதோ அந்தப் பையன் இருக்கான் பாருங்க, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கறான். இதுக்குப் போலாம்."

போனோம். நல்ல படம்.

உன் முறை தோற்றதும் உண்டு. மழைக்காலத்தில் ஒரு நாள், வெளியே வந்தவர்கள் எல்லோருக்கும் கண் சிவந்து கலங்கியிருந்தது. "ரீ, ஓடுங்க, டிக்கெட் தீந்துரும்" என்று நீயே முன்னால் ஓடினாய். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். மகா மட்டமான படம். இரண்டு பேரும் கண்ணீர் வழிய வழிய உட்கார்ந்திருந்தோம். வெளியே வரும்போது எதிர்ச் சாரியில் ஒரு ஜோடி நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டிக்கெட் கவுன்டருக்கு ஓடினாள். நீ நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாய். சொல்லிவிடலாமா என்றேன். "வேணாம், அனுபவிக்கட்டும்" என்றாய்.

உள்ளே விளக்கு அணைந்ததும் இருட்டில் உன் கை என் பக்கம் நீளும். கையைப் பிடிக்க அல்ல. போனுக்கு. கம்பெனியிலிருந்து எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்பதால் நான் சைலன்டில் போட்டு மடியில் வைத்திருப்பேன். "குடுங்க. உங்க லைன் நின்னா நிக்கட்டும். ரெண்டு மணி நேரம் யாரும் மூடி இல்லாம செத்துர மாட்டாங்க." வாங்கி, முழுசாக அணைத்து, உன் பையில் போட்டு ஜிப்பை இழுப்பாய். அந்த ஜிப் சத்தம் கேட்டால்தான் எனக்குப் படம் ஆரம்பித்த மாதிரி.

நேற்று அதே பஜ்ஜி வண்டிக்குப் பக்கத்தில் நாலு பேரும் நின்றோம். உன் முறையை நான் விளக்க ஆரம்பித்தேன். அத்தை கையமர்த்திவிட்டார். "எனக்குத் தெரியும் தம்பி. சின்னதுலயே அப்படித்தான். கல்யாண வீட்டுல சாப்பிட்டு வர்றவங்க மூஞ்சிய பாத்துட்டுத்தான் பந்தியில உக்காருவா. பாயசம் சரியில்லன்னா அப்படியே வீட்டுக்குப் போலாம்பா. எத்தன கல்யாணத்துல மானம் போயிருக்குது."

இது எனக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்லை. உன்னைப் பற்றி இன்னும் எனக்குத் தெரியாதவை இருக்கின்றன என்பது ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை என்பதும் வந்து சேர்ந்தது.

கீழ் ஸ்கிரீன் முதலில் விட்டது. கதவைத் தாண்டும் முன்பே எல்லோர் முகத்திலும் போன் வெளிச்சம். "இது வேணாம்" என்று மாமாவே சொல்லிவிட்டார். பிறகு மாடிப் படியில் ஜனங்கள் இறங்க ஆரம்பித்தார்கள். மெதுவாக. வயதான ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். காலேஜ் பெண் ஒருத்தி கடைசிப் படியில் நின்று, தான் இறங்கி வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ தன் பின்னால் வருகிற மாதிரி. பின்னால் யாரும் இல்லை. கையில் போன் இருந்தது. அணைந்திருந்தது.

"மேல" என்றேன்.

"பேய்ப் படம் தம்பி அது."

"பரவால்ல அத்த."

"உங்களுக்கு வேணாம்பா. ராத்திரி தனியா வேற படுக்கறீங்க."

எனக்கு நீ ஒரு தடவை பைக்கில் பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டே வந்தது ஞாபகம் வந்தது. அதுவும் பேய்ப் படம் பார்த்துவிட்டுத்தான். "செத்துப்போன பொண்டாட்டி திரும்பி வந்தா புருஷன் ஏன் ரீ ஓடறான்? வா, உக்காருன்னு ஒரு காபி போட்டுக் குடுக்க வேணாமா?" கால் தரையில் படவில்லையே, அதனால் ஓடுகிறான் என்றேன். "படலன்னா நல்லதுதானே. நாள் பூரா கடையில நின்னு பாருங்க, தெரியும்" என்றாய்.

"பேய் வந்தா உக்கார வெச்சு காபி குடுப்பேன் அத்த" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அது யாருடைய பேச்சு என்று அத்தைக்கு உடனே தெரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அந்த அளவு முகம் படிக்க வராது.

காபி குடுக்க நான் தயாராகத்தான் இருந்தேன், உனக்குத் தெரியுமா. நீ இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவதைப் பார்த்து நம் வீட்டு நடையில் ஒரு சென்சார் விளக்கு மாட்டினேனே, ஆள் கடந்தால் தானாக எரியும், அது இப்போதெல்லாம் யாரும் கடக்காமலே எரிகிறது. சாயங்காலங்களில்தான் அதிகம். காரணம் எனக்குத் தெரியும். சமையலறை ஜன்னல் வழியாக வரும் சூடான காற்றுக்கு அந்த மாடல் ஏமாறும். ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினால் போதும். திருப்பவில்லை. அது எரியும்போதெல்லாம் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, நடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அதுவாக அணைந்துவிடும்.

உன் தம்பி ஓடிப்போய் டிக்கெட் வாங்கி வந்தான். மாடி ஏறி, டார்ச் அடித்த ஆள் வரிசையைக் காட்டி, எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. என் இடது பக்கம் ஒரு சீட் காலி. அவன் கையில் ஐந்து டிக்கெட்.

வருஷக்கணக்காகக் கவுன்டரில் அவன் சொல்லும் எண் அது. அப்பா, அம்மா, அக்கா, மாமா, நான். யோசிக்காமல் சொல்லியிருக்கிறான். டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

"மாமா... நான் போயி குடுத்துட்டு வந்துர்றேன் மாமா."

"இருக்கட்டும்டா. உக்காரு."

"இல்ல மாமா, நான் வேணும்னு..."

"உக்காருன்னு சொல்றேன்ல."

அவன் அத்தைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். காலி சீட் மடிந்து நின்றது. அந்தப் பக்கம் திரும்பாமலே அது அங்கே இருப்பது தெரிந்தது. போன்களை அணைக்கச் சொல்லித் திரையில் எழுத்து வந்தது. நான் சைலன்டில் போட்டு மடியில் வைத்தேன். இருட்டானதும் இடது பக்கத்திலிருந்து ஒரு கை நீளும் என்று காத்திருந்தேன். சும்மா சொல்லவில்லை. உள்ளங்கை வியர்க்கக் காத்திருந்தேன்.

படம் தொடங்கி, பேய் முதல் தடவை வந்து, தியேட்டரே கத்தி முடித்த நேரம். வரிசை ஓரத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் டிபன் பை, வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தனியாக. அவளுடைய சீட் உடைந்திருக்கிறது போல, பின்னால் கையைக் காட்டினாள். குனிந்து, காலி சீட்டைத் தொட்டு, கன்னடத்தில் கேட்டாள்.

"இல்லி யாராத்ரு பர்தாரா?"

இங்கே யாராவது வருவார்களா என்று.

சாதாரணக் கேள்வி. தியேட்டரில் தினமும் கேட்பது. என் பக்கத்தில் மூன்று பேரும் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பது தெரிந்தது. அத்தையின் வளையல் சத்தம் நின்றது. மடியில் போன் சூடாக இருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். "பர்தாரா சார்?"

"யாரூ பரல்லா" என்றேன். "கூத்கொள்ளி."

யாரும் வரமாட்டார்கள், உட்காருங்கள். தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. நீ கற்றுக்கொடுத்த கன்னடம். கடைக்காரனிடமும் ஆட்டோக்காரனிடமும் பேச மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அவள் "தேங்க்ஸ்" என்று உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து, ஜிப்பை இழுத்துத் திறந்து, தண்ணீர் குடித்து, மறுபடி இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் கேட்டது.

அப்புறம் நான் போனை எடுத்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அணைக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். திரை கறுத்து, அதில் முன்னால் ஓடும் பேயின் வெளிச்சமும் என் முகமும் தெரிந்தன. வலது பக்கத்திலிருந்து அத்தையின் கை வந்து என் முழங்கை மேல் உட்கார்ந்தது. படம் முடியும் வரை எடுக்கவில்லை.

படம் எப்படி என்றால், சுமார்தான். பேய் ஒரு மாமியார். பாதியில் மாமா ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "சிரிப்பா, பரவால்ல" என்றான் உன் தம்பி. "சிரிச்சிட்டேன்டா" என்றார், தப்பு செய்துவிட்ட மாதிரி. அப்புறம் இன்னொரு தடவையும் சிரித்தார்.

படி இறங்கி வெளியே வந்தோம். நாலு பேருக்கும் கண் சிவந்திருந்தது. யாரும் வண்டி எங்கே என்று தேடவில்லை. கேட்டுக்கு வெளியே எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றோம். எதிர்ச் சாரியில், பஜ்ஜி வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் அடுத்த காட்சிக்காக நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் முகத்தைப் பார்த்தாள். என்ன முடிவுக்கு வந்தாளோ, நேராக டிக்கெட் கவுன்டருக்குப் போனாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம், அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜீவனஹள்ளிக்குப் போய் மாமா அந்தத் துண்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். டிவியைப் போடவில்லை. "நாளைக்குப் போட்டுக்கலாம் மாப்ள" என்றார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் நடையில் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை நான்தான் கடந்தேன். அந்த ஸ்க்ரூவை இன்றும் திருப்பப் போவதில்லை. விளக்கு எரிகிறபோது எரியட்டும். முகங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்களை, ஷிஃப்ட் விட்டு வெளியே வருகிறவர்களை. யார் உள்ளே இருந்தார்கள், யார் இல்லை என்று இப்போது ஓரளவு தெரிகிறது. அது நீ கொடுத்துவிட்டுப் போனது.

விடிந்து வெகு நேரமாகிவிட்டது. கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருப்பார்கள், உன் தம்பியும் கூப்பிட்டிருப்பான். லைன் நின்றால் நிற்கட்டும். இதை எழுதும் மேஜையில்தான் போன் கிடக்கிறது, கறுப்பாக. மூன்று இருபத்திரண்டுக்கு வந்த செய்தியைப் பார்த்துவிட்டேன். போனை அணைத்துவிட்டேன்.